1/3 நோ-லிமிட் மேசைக்காக எழுதிய ஒரு பக்க ஆட்டத் திட்டம்

கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் உரிமம் பெற்ற சீட்டாட்டக் கூடங்கள் பே 101, கேசினோ மேட்ரிக்ஸ் என இரண்டே உண்டு; சுற்றியுள்ள விரிகுடாப் பகுதி ஊர்களில் இன்னும் சில இருக்கின்றன. மென்பொருள் வேலைக்காக இங்கே குடியேறி, ஊரில் ரம்மி ஆடிக் கைபழகிய தமிழர்கள் சிலர் வார இறுதியில் இப்படிப்பட்ட கூடங்களின் சிறு பந்தய மேசைகளில் நோ-லிமிட் ஹோல்டெம் என்ற போக்கர் வகையை ஆடுவதுண்டு. நானும் அவர்களில் ஒருவன். அந்த மேசைக்கென்றே, ஒரு பக்கத்துக்குள் அடங்குமாறு ஓர் ஆட்டத் திட்டத்தை எழுதி, ஆடிப் பார்த்து, கணக்குப் போட்டுத் திருத்திய வேலையின் பதிவு இது. இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் 2025-ஆம் ஆண்டின் ஒன்றிய அரசுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளன என்பதையும், இங்கே சொல்வது முழுக்க உரிமம் பெற்ற கூடத்தில் நேரில் அமர்ந்து ஆடும் ஆட்டத்தைப் பற்றியது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆட்டத்தின் அமைப்பு சுருக்கமாக இதுதான். ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு சீட்டு. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. பொதுச்சீட்டில் முதல் மூன்று ஃபிளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். டீலர் பட்டனுக்கு, அதாவது கடைசியில் பேசுபவரின் இடத்தைக் காட்டக் கைக்குக் கை நகரும் வட்டுக்கு, அடுத்து இருக்கும் இருவர் சீட்டைப் பார்க்கும் முன்பே 1 டாலரும் 3 டாலரும் பிளைண்டாக வைக்க வேண்டும். 1/3 என்ற பெயர் அதனால் வந்தது. நோ-லிமிட் என்பதால் முன்னால் உள்ள கையிருப்பு முழுவதையும் எந்தச் சுற்றிலும் கட்டலாம். பந்தயத்தை உயர்த்துவது ரெய்ஸ், அதே தொகையை வைத்து உடன் வருவது கால், எதுவும் கட்டாமல் கடத்துவது செக், பலவீனமான கையோடு கட்டி மிரட்டுவது பிளஃப். ரம்மியில் சீட்டு சரியில்லை என்றால் 20 புள்ளியோடு முதல் டிராப் போட்டு விலகுவதைப் போல, இங்கேயும் பிளைண்டில் இல்லாதவர் ஒரு காசும் இழக்காமல் சீட்டைக் கவிழ்த்துவிடலாம். அவ்வளவு மதிப்புள்ள அந்த உரிமையை என் மேசையில் பலர் பயன்படுத்துவதே இல்லை. இந்தத் திட்டம் முழுவதும் அந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது.

திட்டத்தின் முதல் வரியைச் சீட்டுகளைப் பற்றி எழுதவில்லை, கூடத்தின் கட்டணத்தைப் பற்றி எழுதினேன். நெவாடாவில் கூடங்கள் பந்தயத் தொகையில் ஒரு விகிதத்தை, 10 விழுக்காட்டுக்கு மிகாமல், எடுத்துக்கொள்கின்றன. கலிஃபோர்னியாவின் சட்டமோ விகிதமாக எடுப்பதை அனுமதிப்பதில்லை. எனவே இங்கே கைக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம். அது 5 டாலர் என்று வைத்துக் கணக்கிட்டேன். மணிக்கு 30 கை ஆடப்பட்டால் மேசையிலிருந்து 150 டாலர் வெளியே போகிறது. ஒவ்வொரு கையிலும் வென்றவர் டீலருக்குக் கொடுக்கும் 1 டாலரையும் சேர்த்தால் 180. ஒன்பது பேர் அமர்ந்த மேசையில் ஆளுக்கு மணிக்கு 20 டாலர், அதாவது பெரிய பிளைண்டான 3 டாலரைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு. எல்லாரும் சமத் திறமையோடு ஆடினால் எல்லாரும் இதே வேகத்தில் தோற்றுக்கொண்டிருப்பார்கள்.

நிலையான கட்டணத்திலிருந்து இன்னொரு முடிவும் பிறக்கிறது. நடுவில் 12 டாலர் சேர்ந்த கையை வென்றால் கட்டணம் அதில் 40 விழுக்காட்டை விழுங்கிவிடுகிறது; 60 டாலர் சேர்ந்த கையில் 8 விழுக்காடு; 300 டாலர் சேர்ந்த கையில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே சிறு தொகைக்காக முட்டி மோதுவது இந்த மேசையில் வீண் வேலை. குறைவான கைகளில் நுழைந்து, நுழைந்த கையில் தொகையைப் பெரிதாக்க வேண்டும் என்பது என் விருப்பத்திலிருந்து வந்த விதியல்ல. கட்டண அமைப்பே கட்டாயப்படுத்தும் விதி.

அடுத்ததாக, எதிரே இருப்பவர்கள் உண்மையில் எப்படி ஆடுகிறார்கள் என்பதைக் கைப்பேசியில் குறித்தேன். யார் வென்றார் என்பதை விட்டுவிட்டு, கடைசியில் சீட்டு திறந்து காட்டப்பட்ட கைகளில் அந்தச் சீட்டோடு ஒவ்வொரு சுற்றிலும் என்ன செய்தார் என்பதை மட்டும் எழுதினேன். மீண்டும் மீண்டும் தெரிந்தவை மூன்று. பலர் ரெய்ஸ் செய்யாமல் 3 டாலரை மட்டும் வைத்து, அதாவது லிம்ப் செய்து, கைக்குள் நுழைகிறார்கள். நுழைந்தபின் ஏதாவது ஒரு ஜோடி அமைந்துவிட்டால் எளிதில் விட்டுப் போவதில்லை. டர்னிலோ ரிவரிலோ அவர்களே ரெய்ஸ் செய்தால், பெரும்பாலும் ஒற்றை ஜோடியை விட மேலான கையைத்தான் திறந்து காட்டுகிறார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் செய்தி ஒன்றுதான்: நல்ல கை வந்தால் தாராளமாகக் கட்டு, அவர்கள் தாராளமாகக் கட்டினால் நம்பு.

2017 ஜனவரியில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ் நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை இருவர் ஆடும் நோ-லிமிட் ஹோல்டெமில் 1,20,000 கைகளில் வென்றது. 2019-இல் புளூரிபஸ் என்ற நிரல் ஆறு பேர் மேசையிலும் அதைச் சாதித்தது. அந்த வழியில் வந்த கணிப்பு மென்பொருள்கள் இன்று யாருக்கும் கிடைக்கின்றன. எதிராளி எப்படி ஆடினாலும் தன்னைச் சுரண்ட முடியாதபடி ஆடுவதே அவற்றின் இலக்கு. அந்தக் கணிதத்தின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் என் மேசையில் இருப்பவர்கள் என்னைச் சுரண்டத் தேடிக்கொண்டிருக்கவில்லை. தங்களுடைய மாறாத பழக்கங்களோடு, தங்கள் சீட்டைப் பார்த்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பழக்கங்களுக்கு நேர் எதிர்வினையாக எழுதப்பட்ட எளிய திட்டம் சமநிலையான திட்டத்தை விட இங்கே அதிகம் ஈட்டும் என்பதே என் முடிவு.

தொடக்கச் சீட்டுகளுக்கு வருகிறேன். 52 சீட்டில் இரண்டை எடுக்க 1,326 வழிகள். ஒரு குறிப்பிட்ட ஜோடி வர 6 வழி. ஏஸ்-ராஜா போன்ற இரு வேறு சீட்டு வர 16 வழி, அதில் ஒரே சின்னத்தில் வருவது 4. இந்த மூன்று எண்களும் மனப்பாடமாகிவிட்டால் மேசையில் அமர்ந்தபடியே பெரும்பாலான கணக்கைப் போட்டுவிடலாம். முன்னதாகப் பேச வேண்டிய இருக்கைகளில் 8-8 முதல் ஏஸ்-ஏஸ் வரை ஏழு ஜோடிகள், ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, ஒரே சின்னத்து ஏஸ்-ஜாக்கி, ஒரே சின்னத்து ராஜா-ராணி ஆகியவற்றை மட்டும் ஆடுவது என்று வைத்தேன். 42-உம் 16-உம் 16-உம் 4-உம் 4-உம் சேர்ந்தால் 82. மொத்தத்தில் 6 விழுக்காடு சொச்சம். பட்டனிலும் அதற்கு முந்தைய இருக்கையிலும் எல்லா ஜோடிகளும், ஏஸ்-10 வரையிலான ஏஸ்களும், ஒரே சின்னத்து மற்ற ஏஸ்களும், ராஜா-ராணியும், ஒரே சின்னத்து ராணி-ஜாக்கி முதல் 7-6 வரையிலான அடுத்தடுத்த சீட்டுகளும் சேர்ந்து 214 வழி, ஏறத்தாழ 16 விழுக்காடு. கடைசியில் பேசுபவருக்குத் தனக்கு முன் எல்லாரும் செய்ததைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கும் வசதி இருப்பதால்தான் இவ்வளவு வேறுபாடு.

ரெய்ஸ் அளவில்தான் திட்டம் மிகவும் மாறியது. பெரிய பிளைண்டைப் போல மூன்று மடங்கு என்ற வழக்கமான அளவை, அதாவது 9 டாலரை, முதல் வரைவில் எழுதியிருந்தேன். மேசையில் அது யாரையும் வெளியேற்றவில்லை. நான்கு பேர் கால் செய்வது சாதாரணமாக நடந்தது. ஏஸ் ஜோடி ஓர் எதிராளியின் ஏதோ இரு சீட்டுக்கு எதிராக 85 விழுக்காடு வெல்லும், இருவருக்கு எதிராக 73, மூவருக்கு 64, நால்வருக்கு 56. நால்வரோடு ஆடினால் நடுவில் பணம் அதிகம் சேரும், அதனால் சராசரி வரவும் கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஃபிளாப் விழுந்தபின் நால்வரில் யாரிடம் இரண்டு ஜோடி அமைந்திருக்கிறது என்று அறிய வழியில்லாமல் ஒற்றை ஜோடியோடு தடுமாறுவதுதான் நடைமுறை. எனவே 15 டாலரும், லிம்ப் செய்த ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 3 டாலரும் என்று மாற்றினேன். அதற்குப் பிறகு ஒருவர் அல்லது இருவர் மட்டுமே உடன் வருகிறார்கள். ஏஸ்-ஏஸ் என்றாலும் 9-8 என்றாலும் அளவு ஒன்றே. சீட்டுக்கேற்ப அளவை மாற்றினால் கவனமுள்ள ஒருவராவது அதைப் படித்துவிடுவார்.

சிறு ஜோடிகளுக்குத் தனிக் கணக்கு தேவைப்பட்டது. கையில் 5-5 இருந்தால் ஃபிளாப்பில் இன்னொரு 5 விழும் வாய்ப்பு 11.8 விழுக்காடு, அதாவது எட்டரை முறைக்கு ஒன்று. ஒருவர் 15 டாலர் ரெய்ஸ் செய்ய நான் கால் செய்தால், விழாத ஏழரை முறையில் ஏறத்தாழ 112 டாலர் போய்விடும். விழுந்த ஒரு முறையில் அதையாவது மீட்க வேண்டும். விழுந்த ஒவ்வொரு முறையும் எதிராளி பணம் தரப்போவதில்லை என்பதால், கால் செய்யும் தொகையைப் போல 15 மடங்காவது, இங்கே 225 டாலர், இருவர் முன்னும் மீதம் இருந்தால் மட்டுமே நுழைவது என்று எழுதினேன். எதிரே உள்ளவர் 100 டாலரோடு அமர்ந்திருந்தால் 5-5-ஐ யோசிக்காமல் கவிழ்க்கிறேன்.

இனி நல்ல கையில் எவ்வளவு கட்டுவது என்பதற்கு ஒரு கையை விரித்துக் காட்டுகிறேன். இருவர் முன்னும் 300 டாலர். நான் பட்டனில், கையில் ஆட்டின் ஏஸ், இஸ்பேடு ராணி. இருவர் லிம்ப் செய்ய, 21 டாலருக்கு ரெய்ஸ் செய்தேன். பிளைண்டுகள் கவிழ்க்க, லிம்ப் செய்த இருவரும் கால் செய்தார்கள். கட்டணம் போக நடுவில் 62. ஃபிளாப்பில் டைமண்ட் ராணி, டைமண்ட் 8, கிளாவர் 4. இருவரும் செக் செய்ய 45 கட்டினேன். ஒருவர் மட்டும் உடன் வந்தார். நடுவில் 152. டர்னில் இஸ்பேடு 2. செக். 100 கட்டினேன், கால். நடுவில் 352, என்னிடம் மீதம் 134. ரிவரில் ஆட்டின் 2. மறுபடியும் செக்.

இந்த இடத்தில் பலரும் தாங்களும் செக் செய்வதாகச் சொல்லிச் சீட்டைக் காட்டிவிடுவார்கள். ரிவரில் ஒற்றை ஜோடியை வைத்து மொத்தத்தையும் கட்டுவது துணிச்சலாகத் தோன்றும். எண்ணிப் பார்த்தால் வேறு தெரிகிறது. ஒரு ராணி என்னிடம், ஒன்று நடுவில், மீதம் இரண்டு. எனவே எதிராளியிடம் ராஜா-ராணி இருக்க 8 வழி, ராணி-ஜாக்கிக்கு 8, ராணி-10-க்கு 8, ஆக 24. லிம்ப் செய்து நுழைபவர்கள் இம்மூன்றையும் வழக்கமாக அப்படித்தான் ஆடுகிறார்கள். என்னை வெல்லும் கைகளில் முக்கியமானவை: 8-8-க்கு 3 வழி, 4-4-க்கு 3, 2-2-க்கு 1, ராணி-8-க்கு 6, ஆக 13. ஏஸ்-ராணியே அவரிடமும் இருந்தால் பாதி பாதி. ஃபிளாப்பில் 8-4 என்று இரண்டு ஜோடி அமைத்திருந்தவரைக் கூட ரிவரின் இரண்டாவது 2 பின்தள்ளிவிட்டது. இப்போது ராணியும் 2-உமாக என் இரண்டு ஜோடியே பெரிது. டைமண்ட் ஃபிளஷுக்காக, அதாவது ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டுக்காக, வந்தவர்களில் பெரும்பாலோர் எப்படியும் கவிழ்ப்பார்கள். அவர்களால் எனக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ராணி-10 வைத்திருப்பவர் கவிழ்த்துவிட்டாலும் 16-க்கு 13 என்று கணக்கு என் பக்கமே நிற்கிறது. மூன்று ஒரே எண் அமைந்தவர்கள் பெரும்பாலும் டர்னிலேயே ரெய்ஸ் செய்திருப்பார்கள் என்பதையும் சேர்த்தால் 13 இன்னும் குறையும். ஆகவே 134 டாலரையும் கட்டுவதுதான் சரியான ஆட்டம், கட்டினேன். ஒவ்வொரு இரவிலும் இப்படிப்பட்ட இடம் ஓரிரண்டு வரும், பெரும்பாலான லாபம் அங்கேதான் இருக்கிறது என்பதை அழுத்திச் சொல்வேன்.

இதற்கு மறுபக்கம், அவர்கள் ரெய்ஸ் செய்யும்போது விலகுவது. என்னிடம் ஏஸ் ஜோடி. நடுவில் ஜாக்கி, 7, 3, 2, ஃபிளஷுக்கு இடமில்லை. தொகை 150, டர்னில் நான் 90 கட்ட, அதுவரை அமைதியாக உடன் வந்தவர் தன்னிடமுள்ள 260 முழுவதையும் கட்டுகிறார். 500 டாலருக்காக நான் 170 தர வேண்டும்; 670-இல் 170 என்றால் 25 விழுக்காடு சொச்சம் வெற்றி வாய்ப்பு இருந்தால் போதும். அவரிடம் ஜாக்கி-7 இருந்தால் ஓர் ஏஸோ 3-ஓ 2-ஓ விழுந்து நான் வெல்ல 44-இல் 8 சீட்டு, 18 விழுக்காடு. மூன்று 7 இருந்தால் 44-இல் 2 சீட்டுதான், 5 விழுக்காட்டுக்கும் குறைவு. இரண்டையும் கலந்து 10 விழுக்காடு என்றும், ஜாக்கி ஒற்றை ஜோடியாலோ பிளஃபாகவோ அவர் இப்படிச் செய்திருந்தால் எனக்கு 88 விழுக்காடு என்றும் வைத்துக்கொண்டால், ஐந்து முறைக்கு ஒரு முறையாவது அவர் அப்படிச் செய்பவராக இருந்தால்தான் கால் செய்வது கட்டுபடியாகும். என் குறிப்புகளில் திறந்து காட்டப்பட்ட சீட்டுகள் அந்த அளவை எட்டவில்லை. எனவே பக்கத்தின் நடுவில் பெரிய எழுத்தில் இருக்கும் விதி: டர்னிலும் ரிவரிலும் வரும் பெரிய ரெய்ஸுக்கு ஒற்றை ஜோடி எதுவானாலும் கவிழ்க்கவும், அந்த ஆளைப் பற்றி வேறு விதமான குறிப்பு கையில் இருந்தால் மட்டும் விலக்கு. ஏஸ் ஜோடியைக் கவிழ்ப்பது மனத்துக்கு ஒவ்வாது. முன்கூட்டியே எழுதி வைப்பதன் பயனே அந்த நேரத்தில்தான்.

பிளஃபைப் பற்றித் திட்டத்தில் இரண்டே வரிகள். தொகையில் பாதியைக் கட்டினால் மூன்றில் ஒரு முறை எதிராளி கவிழ்க்க வேண்டும். முழுத் தொகையைக் கட்டினால் இரண்டில் ஒரு முறை. ஜோடி கிடைத்தால் விடாதவர்களிடம் இது கிடைக்காது. ஆகையால் வெறும் பிளஃபை ஓர் எதிராளி மட்டும் இருக்கும்போதும், அவர் ஏற்கனவே தயக்கத்தைக் காட்டியபோதும் மட்டும் ஒதுக்கினேன். ஃபிளஷ் டிரா, அதாவது ஃபிளஷுக்கு இன்னும் ஒரு சீட்டு தேவைப்படும் கை, போன்றவை வேறு: ஃபிளாப்பில் 9 சீட்டு உதவும் என்றால் ரிவருக்குள் அமைய 35 விழுக்காடு, அடுத்த ஒரு சீட்டில் அமைய 19. அவற்றோடு கட்டலாம், ஆனால் மூவருக்கு எதிராக அல்ல.

திட்டம் வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? பணத்தைப் பார்த்து அறிய முடியாது என்பதுதான் இந்த வேலையில் நான் கற்றவற்றில் மிக முக்கியமானது. இந்த ஆட்டத்தில் 100 கைக்கான முடிவின் ஏற்ற இறக்கம், திட்ட விலக்கமாகச் சொன்னால், பெரிய பிளைண்டைப் போல 90 மடங்கு அளவில் இருக்கும் என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு. மணிக்கு 30 கை வீதம் 300 மணி நேரம் ஆடினால் 9,000 கை. அவ்வளவு ஆடிய பின்னும் 100 கைக்கான சராசரியில் பிழை 9 பிளைண்டுக்கு மேல். உண்மையிலேயே 100 கைக்கு 6 பிளைண்ட் ஈட்டும் திறமையுள்ளவர் கூட அந்தக் கால முடிவில் நட்டத்தில் நிற்கலாம். எனவே வரவு செலவுக்குப் பதிலாக முடிவுகளைச் சோதிக்கிறேன். 100 டாலருக்கு மேல் போன ஒவ்வொரு கையையும் இருக்கை, கையிருப்பு, ஒவ்வொரு சுற்றின் பந்தயம் என்று குறித்து, மறுநாள், வெற்றி வாய்ப்பைக் கணக்கிடும் ஈக்விலாப் என்ற இலவச மென்பொருளில் எதிராளியின் சாத்தியமான சீட்டுகளை இட்டுப் பார்க்கிறேன். யார் வென்றார் என்பதற்கான கட்டத்தைக் குறிப்பேட்டில் வைக்கவே இல்லை. வைத்தால் வென்ற கையைக் கேள்வி கேட்க மனம் வராது.

பணத்துக்கான விதி குறுகியது. வீட்டுச் செலவோடு சேராத தனிப் பணம். ஓர் இரவில் இரண்டு முறை 300 டாலர், அதற்கு மேல் இல்லை. மூன்றாவது முறை சிப்பு வாங்க எழுபவர் ஆடும் ஆட்டம், மாலையில் அவரே ஆடிய ஆட்டமாக இருப்பதில்லை. இதைக் குறிப்புகளில் மற்றவர்களிடம் திரும்பத் திரும்பக் கண்டேன். முடிந்தவரை, அதிகக் கைகளில் நுழைந்து அதிகப் பணத்தோடு அமர்ந்திருப்பவருக்கு இடப்பக்க இருக்கையைக் கேட்டு வாங்குகிறேன். அவர் பேசிய பிறகு பேசும் வாய்ப்பு, தொடக்கச் சீட்டு அட்டவணையில் செய்யும் எந்தத் திருத்தத்தையும் விடப் பெரிது.

பக்கத்தில் இன்னும் பென்சிலில் இருக்கும் பகுதி ஸ்டிராடிலைப் பற்றியது. பிளைண்டுக்கு அடுத்தவர் விரும்பி 6 டாலரை முன்கூட்டியே வைத்தால் ஆட்டம் 1/3/6 ஆகிவிடுகிறது. பழைய அளவில் 100 பிளைண்டாக இருந்த 300 டாலர் அந்த ஒரு கைக்கு 50 ஆகச் சுருங்குகிறது. ரெய்ஸை 30 ஆக உயர்த்தி ஆடிப் பார்க்கிறேன். அந்த ரெய்ஸைப் பிறர் செய்தால் 15 மடங்கு விதிப்படி 450 டாலர் மீதம் வேண்டும், மேசையில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. எனவே 2-2 முதல் 6-6 வரையிலான ஜோடிகளை அக்கைகளில் நீக்கியிருக்கிறேன். 7-7 எந்தப் பக்கம் என்பதை ஈக்விலாப்பில் இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.